சீனத்து நோவா

என் தம்பி தனிஸ்லாசுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை துறைமுகப் பாலத்தடியில் கட்டியிருந்த சரக்குப் படகில் ஏறி, கயிற்றை அவிழ்ப்பதற்குள் காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இறங்கியவன். அவன்தான் புதுச்சேரிப் பிள்ளைகளுக்குக் கடற்பயணக் கதை எழுதினான். இந்த அநியாயத்தை நான் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

பகலில் அவன் நீதிமன்றத்தில் குமாஸ்தா. சாயங்காலம் ஆனால் பத்திரிகாசிரியர். ‘பாலர் தோணி’ என்று மாதம் ஒருமுறை வரும் பத்திரிகை. எழுதுகிறவனும் அவனே, பிழை பார்க்கிறவனும் அவனே, மடித்துத் தபாலில் போடுகிறவனும் அவனே. படிக்கிறவர்களாவது வேறு ஆட்களாக இருந்தார்களே, அந்த மட்டில் நிம்மதி.

அது 1936. நான் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். தனிஸ்லாஸ் மூச்சிரைக்க வந்து நின்றான். நூலகத்தில் பாரிசிலிருந்து வந்த கனமான சஞ்சிகை ஒன்றைப் படித்துவிட்டு நேரே ஓடி வந்திருக்கிறான்.

“அக்கா, நம்ம சமுத்திரத்துக்கு வெள்ளக்காரன் வர்றதுக்கு முன்னாடியே ஒரு சீனக்காரரு வந்துட்டுப் போயிருக்காரு. ஒரு தபா இல்ல, ஏழு தபா!”

“வந்தவரு நம்ம வூட்டுக்கு வந்தாரா?”

“கேலி பண்ணாதக்கா. செங் ஹோன்னு பேரு. நம்ம மாதா கோயிலே உள்ள கொள்ளும், அத்தாம் பெரிய கப்பலுங்க. அந்த மாதிரி எத்தனையோ. இலங்கைக்கு, கள்ளிக்கோட்டைக்கு, அப்புறம் ஆப்பிரிக்கா வரைக்கும். அங்கேருந்து சீன ராஜாவுக்கு ஒட்டகச்சிவிங்கி கொண்டாந்திருக்காங்க.”

அதற்குமேல் அவன் சொன்னதைக் கேட்டுத்தான் நான் அரிவாள்மணையை விட்டு நிமிர்ந்தேன். அந்தச் சீனர் இலங்கையில் ஒரு கல்லை நட்டாராம். அதில் சீனத்தில் எழுதியிருக்கிறதாம், பாரசீகத்தில் எழுதியிருக்கிறதாம், தமிழிலும் எழுதியிருக்கிறதாம். ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலி என்கிற ஊரில் அந்தக் கல் சாக்கடைக்கு மூடியாகக் குப்புறக் கிடந்து, கால் நூற்றாண்டுக்கு முன்புதான் யாரோ பார்த்துப் புரட்டினார்களாம். சீன தேசத்திலிருந்து வருகிற மனுஷர் நம் எழுத்தைக் கல்லில் வெட்டி வைப்பது என்றால் சும்மாவா? எனக்கே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. மீன் வாசனையோடு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன்.

கதை எழுதியாகிவிட்டது. படம் வேண்டுமே! பிள்ளைகள் படம் இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அந்தப் பாரிஸ் சஞ்சிகையில் எழுத்து இருந்தது, எழுத்துக்குக் கீழே இன்னும் பொடி எழுத்து இருந்தது, படம் என்று ஒரு கீறல்கூட இல்லை. என் வீட்டுக்காரர் அப்போது சைகோனில் சுங்க ஆபீசில் வேலையாக இருந்தார். சீனக் கப்பல் படம் ஒன்று அனுப்பச் சொல்லித் தனிஸ்லாஸ் அவருக்குக் கடிதம் போட்டான். கடிதம் கப்பலில் போய், பதிலும் கப்பலில் வர வேண்டும். அச்சகக்காரர் அதுவரை காத்திருப்பாரா?

அச்சகம் பெரிய வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. முதலாளி பலராமன். படம் அச்சடிக்கும் கட்டைகளை அவர் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார். அதில் கப்பல் என்று தேடினால் கிடைத்தவை மூன்று. ஒன்று புகை விடும் கப்பல். ஒன்று பிரெஞ்சுக் கொடி பறக்கும் போர்க்கப்பல். மூன்றாவது, பெருமழை வெள்ளத்தில் மிருகங்களை ஜோடி ஜோடியாக ஏற்றிக் காப்பாற்றினாரே எங்கள் வேதத்து நோவா, அவருடைய பேழை. எங்கள் கோயில் பிள்ளைகளுக்கான ‘பட ஞானோபதேசம்’ என்கிற வேதபாடப் புத்தகம் அவரிடம்தான் அச்சானது. அதற்காகச் செய்த கட்டை. கூரை போட்ட பெரிய கப்பல், ஜன்னலில் கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கி, வாசலில் தாடிக்காரக் கிழவர், மேலே இலையைக் கவ்விக்கொண்டு ஒரு புறா.

தனிஸ்லாசின் மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள். கப்பல் இருக்கிறது, சரி. ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது, அதுவும் சரி. சீனருக்குத் தாடி இருக்கக் கூடாதா? புறாவை மட்டும் செதுக்கி எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறான். “சாமியார் கட்டைங்க அது. நான் கை வைக்க மாட்டேன்” என்று பலராமன் சொல்லிவிட்டார். கடலில் பறவை பறப்பது சகஜம்தானே என்று தனிஸ்லாஸ் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். கீழே ‘செங் ஹோவின் கப்பல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு இதழை வெளியிட்டுவிட்டான்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட விடுமுறை. தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். என் மகள் புஷ்பமேரி நடுவில் உட்கார்ந்து ‘பாலர் தோணி’யை உரக்கப் படிப்பாள். ஒன்பது வயது. மாமன் எழுதியது என்று அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவளின் மகள் ரஞ்சிதமும் கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்பாள்.

“இந்தக் கப்பலுக்குப் பாயே இல்லியே. இது எப்பிடி ஆப்பிரிக்கா போச்சு?” என்று ரஞ்சிதம் கேட்டாள்.

“சாமி தள்ளிவுட்டாரு” என்றாள் என் மகள், தயங்காமல்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். புதுநன்மைக்கு அவளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைகள் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் அது. கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான் எங்களுக்குப் பெரிய நாள். துணி சைகோனிலிருந்து அவள் அப்பா அனுப்பியது. ஓரத்தில் சரிகைப் பின்னல் வைக்கும் கவனத்தில், சீனக் கப்பலைச் சாமி எதற்குத் தள்ள வேண்டும் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, கோயில் ஞானோபதேச வகுப்பிலிருந்து பாதியிலேயே அவள் திரும்பி வந்தாள். ஞானோபதேசப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள். வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் அல்போன்ஸ் அவளை வெளியே அனுப்பிவிட்டார். இந்த வருஷம் அவளுக்குப் புதுநன்மை கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருநாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தலையில் பூமுடி வைத்து மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு போக, என் பெண் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பதா?

“என்னாடி பண்ணின?”

“கேள்வி கேட்டாரு. பதில் சொன்னேன்.”

“என்னா கேள்வி?”

“நோவா யாருன்னு.”

“நீ என்னா சொன்ன?”

மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நோவா சீன தேசத்துக் கப்பற்படைத் தலைவர். ஏழு முறை கடலில் போனார். மிருகங்களைக் கப்பலில் ஏற்றினார். காலியில் கல் நட்டு, மூன்று சாமிகளுக்குக் காணிக்கை கொடுத்ததைத் தமிழிலும் எழுதி வைத்தார்.

அந்தக் கல்லில் புத்தருக்கும், இலங்கைத் தென்கோடியில் இருக்கும் பெருமாளுக்கும், துலுக்கர் வணங்கும் அல்லாவுக்கும் தனித்தனியாகக் காணிக்கை எழுதியிருக்கிறது என்று தனிஸ்லாஸ் ஒன்று விடாமல் எழுதியிருந்தான். அதையெல்லாம் நோவா தலையில் கட்டினால் எந்த உபதேசியார் பொறுப்பார்? அல்போன்ஸ் கெட்ட மனுஷர் இல்லை. மூலக்குளத்திலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து சம்பளமே இல்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர். நோவா மூன்று சாமி கும்பிட்டார் என்று கேட்டதும் அவருக்குக் காது அடைத்திருக்கும்.

“அவுங்க வேற, இவுங்க வேறடி, மண்டு!”

“ஒரே கப்பலு, ஒரே தாடி, ஒரே புறா. ஒரே ஒட்டகச்சிவிங்கி. பாரும்மா.” இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

“சரி, நாளைக்குப் போயி நோவா சீனர் இல்லன்னு சொல்லிடு. முடிஞ்சிது.”

“நெனைக்காதத சொன்னா பொய்தான? பொய் சொல்லிட்டு நன்மை வாங்கலாமா?”

பொய் பாவம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே நீதிமன்றத்துக்குப் போனேன். குமாஸ்தாக்கள் எல்லாரும் பார்க்க, என் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கூடத்தில் புஷ்பமேரிக்கு எதிரே அவனை உட்கார வைத்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, படக்கட்டை என்றால் என்ன, அச்சகத்துப் பெட்டியில் என்னென்ன இருக்கும், பத்திரிகைத் தொழிலில் என்னென்ன தொல்லை என்று சுற்றி வளைத்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப இது நோவா கப்பலா மாமா?”

“ஆமாண்டா.”

“செங் ஹோ கப்பலு எப்பிடி இருக்கும்?”

“அது... எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு போட்டிருக்கலாமே மாமா.”

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. இவ்வளவு சுலபமான வழி இருக்க மாமாவுக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டாள், அவ்வளவுதான். தனிஸ்லாஸ் காதுவரை சிவந்துபோனான். நீதிமன்றத்தில் எத்தனையோ வக்கீல்களைப் பார்த்தவன், இதழைக் கையில் எடுத்து அந்தக் கொட்டை எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். கோயிலுக்கு எதிரே சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்த உபதேசியாரிடம் மூன்று பேரும் போனோம். நோவா சீனர் இல்லை, தான் படத்தைப் பார்த்து ஏமாந்தது தப்பு என்று புஷ்பமேரி கைகட்டிச் சொன்னாள். அல்போன்சின் முகம் இளகியது. ஆனால் அவர் முழுசாகத் துடைத்துவிடப் பார்த்தார்.

“அந்தச் சீனன் கதையே புளுகுன்னும் சொல்லிடு புள்ள. உன் மனசுல அது கலக்கக் கூடாது.”

“அது புளுகு இல்லீங்கய்யா. கல்லு இருக்குது.”

“எந்தக் கல்லு? நீ பாத்தியா?”

“நோவா கப்பலையும் நான் பாக்கலீங்கய்யா.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தனிஸ்லாஸ் சும்மா இருக்கக் கூடாதா? பாரிஸ் சஞ்சிகை, சீனத்துச் சரித்திரம் என்று பிரெஞ்சிலும் தமிழிலும் கலந்து பொரிந்து தள்ளினான். அல்போன்ஸ் பதிலுக்கு, கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் பிள்ளைகளுக்குப் பத்திரிகை நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார். அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. சைக்கிள் கடைக்காரர் வந்து இருவரையும் விலக்க வேண்டியதாயிற்று. கடைசியில், பெரிய சாமியார் வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கேள்வி கேட்பார், அவர் தீர்ப்பே தீர்ப்பு என்று சொல்லிவிட்டு உபதேசியார் சைக்கிளில் ஏறினார்.

அந்த வாரம் நான் சட்டைக்குப் பொத்தான் தைக்கவே இல்லை. தைத்து முடித்துப் பெட்டியில் மடித்து வைக்கிற தைரியம் எனக்கில்லை. புஷ்பமேரி மட்டும் எப்போதும்போல் சாப்பிட்டாள், தூங்கினாள். ஒரே ஒரு தடவை, மெழுகுவர்த்தியை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அதைப் பார்த்து நான் அடுப்பங்கரையில் போய் அழுதேன்.

எங்கள் கோயில் குருவான பெரிய சாமியார் பிரெஞ்சுக்காரர். நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறார். புத்தகத் தமிழ்தான் பேசுவார், ஒரு எழுத்து விடமாட்டார். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஞானோபதேசக் கேள்விகளைக் கேட்டார். நோவா யார் என்பதும் அதில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் கிளி மாதிரி சரியாகச் சொன்னார்கள். புஷ்பமேரியும் சொன்னாள். அல்போன்ஸ் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார்.

சாமியார் அத்தோடு விடவில்லை. ‘பாலர் தோணி’யை எடுத்து, படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, வரிசையின் முதலில் நின்ற லூர்துநாதனிடம் நீட்டினார்.

“இது யாருடைய கப்பல்?”

“செங் ஹோ கப்பலு சாமி.”

“வாசலில் நிற்கும் மனிதர் யார்?”

“நோவா சாமி.”

“அப்படியென்றால்?”

லூர்துநாதன் உபதேசியாரைப் பார்த்தான், மேலே பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். “ரெண்டு பேரும் ஒரே ஆளு சாமி. ஆனா பரீட்சையில சொல்லக் கூடாது.”

அடுத்த பிள்ளையும் தலையாட்டினாள். அதற்கடுத்தவனும். வரிசை முழுக்க அதே கதைதான். புஷ்பமேரியை வெளியே அனுப்பியதைப் பார்த்து எல்லாரும் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். வாயில் ஒன்று, மனசில் ஒன்று. மீசையைத் தடவின கை அப்படியே நின்றுவிட்டது. பாவம், எனக்கே அல்போன்சைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

கடைசியாக என் மகளிடம் வந்தார். “நீ சொல், மகளே.”

“இது நோவா கப்பலு சாமி. சீனருதும் நெசந்தான், ஆனா அவரு கப்பலு எப்பிடி இருக்கும்னு மாமாவுக்குத் தெரியாது.”

“அவர் மூன்று தெய்வங்களுக்குக் காணிக்கை கொடுத்தாராமே?”

“ஆமாம் சாமி. அவருக்கு யாரும் ஞானோபதேசம் சொல்லித் தரலியே.”

சாமியார் வெள்ளைத் தாடியைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு உபதேசியார் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகச் சொன்னார். “அல்போன்ஸ், இந்தப் பிள்ளை ஆயத்தமாக இருக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வரை நேரம் இருக்கிறது.”

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஓடி, விளக்கு வைப்பதற்குள் எல்லாப் பொத்தானையும் தைத்து முடித்தேன்.

அல்போன்சைச் சும்மா சொல்லக் கூடாது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து தனிஸ்லாசிடம் செங் ஹோ கதையை முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு வீடு வீடாகப் போய் நோவாவையும் சீனரையும் பிரித்து வைத்தார். எந்தக் கல், எந்த ஊர், எந்த மழை என்று பிள்ளைகள் குடைந்த குடைச்சலில் இரண்டையும் அவர் நன்றாகவே கற்றுக்கொண்டிருப்பார்.

தனிஸ்லாஸ் அச்சகத்துக்குப் போனான். அடுத்த இதழில் செங் ஹோ கதைக்கு நடுவே ஒரு வெற்றுக் கட்டம் போட்டு, ‘அந்தக் கப்பல் எப்படி இருந்தது என்று ஆசிரியருக்குத் தெரியாது. சென்ற மாதம் போட்ட படம் தவறு. நீங்கள் எப்படி நினைக்கிறீர்களோ அப்படி வரைந்துகொள்ளுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தான். கறுப்புக் கட்டத்துக்குள் ஒன்றும் இல்லாமல் விட்டால் சாவு அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று பலராமன் மல்லுக்கு நின்றாராம். அவன் விடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனத்துக்காகக் கோயிலில் வரிசையாக நின்றார்கள். மறுநாள் நன்மை வாங்குமுன் செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். தாய்மார்கள் நாங்கள் பின்னால் தூண் ஓரமாக நின்றோம். வரிசையின் கடைசியில் புஷ்பமேரி. அவளுக்கும் பின்னால், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஒரு ஆள் வந்து நின்றான். யார் என்று எட்டிப் பார்த்தேன். என் தம்பி.

அவன் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது எங்கள் அப்பா சாவதற்கு முன்னால். எத்தனை கெஞ்சல், எத்தனை சண்டை! நான் விட்டே விட்டேன். இப்போது பொடிப் பிள்ளைகளுக்குப் பின்னால், அவர்கள் தலைக்குமேல் பார்த்துக்கொண்டு, ஒரு பிள்ளையைப்போல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

புஷ்பமேரி திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தாள்.

“மாமா, நீங்க முன்னாடி போங்க.”

“ஏண்டா?”

“எங்களுது எல்லாம் சக்கரை எடுத்துத் தின்னது, தம்பிய அடிச்சது. உங்களுது ஊரு புள்ளைங்க எல்லாருக்கும் தப்பாச் சொன்னது. சொல்றதுக்கு நேரமாவும்.”

முன்னால் நின்ற பிள்ளைகளிடம் அவள் ஏதோ காதோடு சொன்னாள். ஒவ்வொருவராக ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்கள். தனிஸ்லாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. போடா என்று கையால் காட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் முன்னால் போய் முழந்தாளிட்டான். ஓடிப்போய் என் பெண்ணை வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. கோயிலாயிற்றே என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.